சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: தூரம், பறக்கும் நேரம், பயணத் தயாரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஓட்டும் எஸ்க்யூ 24, திரும்பி வரும் எஸ்க்யூ 23 ஆகிய இரண்டும் நடுவில் எங்கும் இறங்காமல் பறக்கும் மிக நீளமான பயணிகள் சேவைகளில் முன்வரிசையில் நிற்பவை. இந்தத் தடத்தைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சாங்கியிலிருந்து கென்னடி நிலையம் எவ்வளவு தூரம்?

15,349 கிலோமீட்டர். மைலில் 9,537, விமானிகள் பேசும் கடல் மைலில் 8,288. பக்கத்து நியூ ஜெர்சியில் உள்ள நியூவர்க் நிலையத்துக்கு 15,344 கிலோமீட்டர், அதாவது 5 கிலோமீட்டர் குறைவு. பூமி உருண்டையின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரம்தான் இந்த எண். விமானம் நிஜமாகப் பறக்கும் தூரம் இதைவிட எப்போதும் அதிகம்.

எத்தனை மணி நேரம் ஆகும்?

அட்டவணையில் ஏறக்குறைய பதினெட்டரை மணி நேரம் முதல் 19 மணி நேரம் வரை போட்டிருப்பார்கள். தரையை விட்டுக் கிளம்பித் தரையைத் தொடும் வரை பெரும்பாலான நாட்களில் 17 முதல் 18 மணி நேரம்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. டிக்கெட்டில் உள்ள நேரம் 'பிளாக் டைம்': கேட்டிலிருந்து விமானம் பின்னால் நகரத் தொடங்கும் கணம் முதல், சென்று சேர்ந்த கேட்டில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் கணம் வரை. கென்னடியில் மாலை நெரிசலில் ஓடுபாதை வரை ஊர்ந்து போகவே அரை மணி நேரம் ஆகிவிடும். அதையும், காற்று சரியில்லாத நாளுக்கான கையிருப்பையும் சேர்த்தே அட்டவணை போடுகிறார்கள். அதனால்தான் புறப்பாடு தாமதமான விமானம்கூடச் சில நாள் நேரத்துக்கு முன்பே வந்து இறங்குகிறது.

தூரத்தை நாமே கணக்குப் போட முடியுமா?

முடியும். இந்தத் தடத்துக்குக் கூட்டல் கழித்தல் தெரிந்தாலே போதும்.

சாங்கி இருப்பது வடக்கு 1.36 பாகை, கிழக்கு 103.99 பாகை. கென்னடி இருப்பது வடக்கு 40.64 பாகை, மேற்கு 73.78 பாகை. தீர்க்கரேகைகளைக் கூட்டினால் 177.77. கிட்டத்தட்ட 180, அதாவது தீர்க்கரேகைப்படி இரண்டு ஊரும் பூமியின் நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. அப்படி இருந்தால் குறுக்கு வழி வடதுருவத்தை ஒட்டித்தான் போகும். எனவே சாங்கியிலிருந்து துருவம் வரை எத்தனை பாகை, துருவத்திலிருந்து கென்னடி வரை எத்தனை பாகை என்று பார்த்தால் போதும்.

90 − 1.36 = 88.64
90 − 40.64 = 49.36
கூட்டினால் 138.00 பாகை.

ஒரு பாகைக்குச் சராசரியாக 111.2 கிலோமீட்டர். 138 × 111.2 = 15,346 கிலோமீட்டர். கணினி சொல்லும் 15,349-க்கும் இதற்கும் வித்தியாசம் 3 கிலோமீட்டர்தான். பூமி துருவத்தில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால் பாகையின் நீளம் நிலநடுக்கோட்டருகே 110.6, துருவத்தருகே 111.7 கிலோமீட்டர் என்று மாறுகிறது. மிச்ச வித்தியாசத்துக்கு அதுதான் காரணம்.

எல்லா ஊருக்கும் இதே வழி சரிப்படுமா?

சரிப்படாது. எதிரெதிர்த் தீர்க்கரேகையில் இல்லாத ஊர்களுக்கு கோசைன் வாய்பாடு வேண்டும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். அவற்றின் கோசைன்களைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனால் மறுபடி பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, வரும் எண் எந்தக் கோணத்தின் கோசைன் என்று பாருங்கள். அந்தக் கோணத்தை 111.2-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வந்துவிடும்.

சென்னையிலிருந்து கென்னடிக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னை வடக்கு 12.99, கிழக்கு 80.17. தீர்க்கரேகை வேறுபாடு 80.17 + 73.78 = 153.95 பாகை.

0.2248 × 0.6513 = 0.1464
0.9744 × 0.7588 × (−0.8984) = −0.6643
கூட்டினால் −0.5179, கோணம் 121.2 பாகை; தூரம் சுமார் 13,475 கிலோமீட்டர்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. மேற்குத் தீர்க்கரேகைக்கு எதிர்மறைக் குறி போட மறந்து, கூட்ட வேண்டியதைக் கழித்தால் வேறுபாடு வெறும் 6.39 பாகை ஆகிவிடும். சென்னைக்கும் நியூயார்க்குக்கும் 3,140 கிலோமீட்டர்தான் என்று விடை வரும். அடுத்தது, கோணத்தைப் பாகையில் அளக்காத 'ரேடியன்' முறையில் கால்குலேட்டர் இருப்பது. அப்போது விடை 350 கிலோமீட்டரைக்கூடத் தாண்டாது, எங்கோ பிசகிவிட்டது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

குறுக்கு வழி எந்த நாடுகளின் மேல் போகிறது? விமானம் அப்படியே போகுமா?

தாளில் பார்த்தால், சாங்கியிலிருந்து ஏறத்தாழ நேர் வடக்கே. தாய்லாந்து வளைகுடா, சீனாவில் செங்டு நகருக்குச் சற்று மேற்கே, மங்கோலியா, சைபீரியாவில் இர்குட்ஸ்க்குக்குச் சற்று மேற்கே, பிறகு வடதுருவத்திலிருந்து ஏறக்குறைய 280 கிலோமீட்டர் தள்ளி மறுபக்கம் இறங்கி கனடா வழியாக நியூயார்க். சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் இதை நம்புவது கஷ்டம். ஒரு உருண்டைப் பூமி மாதிரியில் இரண்டு ஊருக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் அது தானாகத் துருவத்தை நோக்கி நழுவுவது தெரியும்.

நடைமுறையில் இந்தக் கோட்டின் மேல் யாரும் போவதில்லை. முதல் காரணம் காற்று. இரண்டாவது வான்வெளி அனுமதி: 2022 முதல் ரஷ்ய வான்வெளி பல நாட்டு நிறுவனங்களுக்கு மூடிக் கிடக்கிறது, வேறு சில நிறுவனங்கள் தாமாகவே தவிர்க்கின்றன. சிங்கப்பூரிலிருந்து போகும்போது வழக்கமான வழி தென்சீனக் கடல், தைவான் அல்லது பிலிப்பீன்ஸ் பக்கம், ஜப்பானுக்கு அருகே, வடபசிபிக், அலாஸ்கா அல்லது அதற்குத் தெற்கே, கனடா. ஒவ்வொரு நாளும் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அன்றைய காற்றைப் பார்த்துப் பாதையைப் புதிதாகப் போடுவார்கள். நேற்றைய பாதை இன்றைக்குச் செல்லாது.

பசிபிக் வழி சுற்று வழிதானே? நேரம் கூடாதா?

இந்தத் தடத்தில் கவனிக்க வேண்டியதே இதுதான். தூரம் கூடும், நேரம் அந்த அளவுக்குக் கூடாது.

வடபசிபிக்கின் மேல் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டி அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவது உண்டு. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளுங்கள். காற்றே இல்லாமல், மணிக்கு 905 கிலோமீட்டர் வேகத்தில், 15,349 கிலோமீட்டர் குறுக்கு வழியில் போனால் 16 மணி 58 நிமிடம். பசிபிக் வழியாக 16,500 கிலோமீட்டர், முழுப் பயணத்துக்கும் சராசரியாகப் பின்காற்று 60 கிலோமீட்டர் என்றால், தரையைப் பொறுத்த வேகம் 965. அப்போது 17 மணி 6 நிமிடம். 1,150 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்ததற்கு விலை 8 நிமிடம்தான். குறுக்கு வழியில் 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் அது 17 மணி 32 நிமிடமாகிவிடும். அன்றைக்குச் சுற்று வழிதான் லாபம்.

ஆகவே 'தூரத்தை 900-ஆல் வகுத்தால் நேரம்' என்ற கைக்கணக்கு 1,000 கிலோமீட்டர் பயணத்துக்கும் முழுதாகப் பொருந்தாது, 15,000 கிலோமீட்டருக்கும் முழுதாகப் பொருந்தாது. குறைந்த தூரத்தில் ஏற்றமும் இறக்கமும் நேரத்தைத் தின்கின்றன. நீண்ட தூரத்தில் அந்த வேலையைக் காற்று செய்கிறது.

திரும்பி வரும்போதும் அதே வழியா?

பெரும்பாலும் இல்லை. அதே வழியில் திரும்பினால் பின்காற்றாக இருந்தது எதிர்க்காற்றாகிவிடும். இரு ஊர்களும் பூமியின் எதிர்ப்பக்கங்களில் இருப்பதால் இந்தத் தடத்துக்கு ஒரு வசதி உண்டு: எந்தத் திசையில் போனாலும் தூரம் பெரிதாக மாறாது. எனவே நியூயார்க்கிலிருந்து கிழக்கே அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, மேற்கு அல்லது நடு ஆசியா, இந்தியத் துணைக்கண்டம் வழியாக வருவது வழக்கம். காற்று சாதகமில்லாத நாளில் வடக்கே ஏறிப் போவதும் உண்டு.

போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. இரண்டு டிக்கெட்டில் உலகத்தையே ஒருமுறை சுற்றி வந்தாயிற்று.

எந்த விமானம்? சாதாரண ஏர்பஸ் ஏ350 இவ்வளவு தூரம் போகாதா?

இதற்கென்றே செய்த ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூர வகை). சிங்கப்பூர் ஏர்லைன்ஸிடம் இவை ஏழு உள்ளன. வெளித்தோற்றத்தில் சாதாரண ஏ350-900-க்கும் இதற்கும் வேற்றுமை கண்டுபிடிப்பது கடினம். கூடுதல் எரிபொருள் தொட்டி எதையும் பொருத்தவில்லை. இருக்கும் தொட்டிகளிலேயே குழாய், உணரி அமைப்புகளை மாற்றி, கொள்ளளவை 1,41,000 லிட்டரிலிருந்து 1,65,000 லிட்டராக உயர்த்தினார்கள். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை 280 டன். முன்பக்கச் சரக்கு அறையைப் பயன்படுத்துவதில்லை.

உள்ளே மொத்தமே 161 இருக்கைகள்: பிசினஸ் 67, பிரீமியம் எக்கானமி 94. இதே நிறுவனத்தின் சாதாரண நெடுந்தூர ஏ350-இல் 253 பேர் உட்காருகிறார்கள்.

ஏன் இவ்வளவு குறைவான ஆட்கள்? எரிபொருள் எவ்வளவு செலவாகும்?

தொட்டி நிரம்ப 1,65,000 லிட்டர் என்றால் எடையில் ஏறக்குறைய 132 டன். 280 டன் விமானத்தில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருளே. பயணத்தில் மணிக்குச் சராசரியாக 6 டன்னை ஒட்டிச் செலவாகும். 17, 18 மணி நேரத்துக்கு நூறு டன்னைத் தாண்டிவிடும்.

நெடும்பயணத்தின் தலைவலி என்னவென்றால், எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும். கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு 3 முதல் 4 விழுக்காடு அதைத் தூக்கிக்கொண்டு போவதற்கே எரிகிறது. பதினெட்டு மணி நேரப் பயணத்தின் கடைசிக் கட்டத்துக்கென்று 1 டன் கூடுதலாக ஏற்றினால், அங்கே போய்ச் சேர்வதற்குள் அதில் ஏறக்குறைய பாதி காலி. ஆட்களைக் கூட்டினால் அவர்களின் எடை, பெட்டிகளின் எடை, அவற்றைத் தூக்கும் எரிபொருள், அந்த எரிபொருளைத் தூக்கும் எரிபொருள் என்று சங்கிலி நீளும். 161 என்ற எண் அப்படி வந்ததுதான்.

பயணத்துக்கான எரிபொருளுக்கு மேல், எதிர்பாராத காற்றுக்கு ஒரு பங்கு, கென்னடியில் இறங்க முடியாவிட்டால் வேறு நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அதற்கும் மேல் 1,500 அடி உயரத்தில் 30 நிமிடம் வட்டமடிக்கக் கடைசிக் கையிருப்பு. அந்த அரை மணிக் கையிருப்பில் கைவைக்க நேரும் என்று தெரிந்தாலே விமானி அவசரநிலை அறிவிக்க வேண்டும்.

துருவத்தருகே எரிபொருள் உறைந்துவிடாதா?

நியாயமான கேள்வி. உலகின் பல பகுதிகளில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை −47 டிகிரி செல்சியஸ். அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ வகைக்கு −40 தான். வெளிக்காற்று −65 வரை இறங்கலாம். வேகத்தில் காற்று உரசி இறக்கை சற்றுச் சூடாவதால் எரிபொருள் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. இறக்கைத் தொட்டி வெப்பநிலை விமானி அறையில் தெரியும். உறைநிலையை நெருங்கினால் வெப்பமான அடுக்குக்கு இறங்குவார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். நியூயார்க்கில் எரிபொருள் நிரப்பி வடக்கே கிளம்பும் நாளில்தான் இதில் கூடுதல் கவனம்.

கிளம்பும் தேதி, சேரும் தேதி குழப்புகிறதே?

குழப்பத்தான் செய்யும். விடுதி முன்பதிவில் ஒரு இரவு வீணாவது இதனால்தான். எப்போதும் புறப்படும் ஊரின் நேரத்திலேயே பயண மணியைக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு தடவை ஊர் நேரத்துக்கு மாற்றுங்கள். நடுவில் சர்வதேசத் தேதிக்கோட்டைத் தாண்டியதை எல்லாம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

நேர வேறுபாடு இரண்டு வகை. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க், சிங்கப்பூருக்கு 12 மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் 13 மணி நேரம் பின்னால். சிங்கப்பூரில் கடிகாரம் மாறுவதில்லை.

போகும்போது, கோடைக்கு ஒரு உதாரணம்: 1-ஆம் தேதி இரவு 11.30-க்குச் சிங்கப்பூரில் கிளம்புகிறீர்கள். பதினெட்டரை மணி நேரம் கூட்டினால் சிங்கப்பூரில் 2-ஆம் தேதி மாலை 6 மணி. 12-ஐக் கழித்தால் நியூயார்க்கில் 2-ஆம் தேதி காலை 6 மணி. உள்ளூர்க் கடிகாரப்படி வெறும் ஆறரை மணி நேரம்.

வரும்போது: 1-ஆம் தேதி இரவு 10.30-க்கு நியூயார்க்கில் கிளம்பி, 18 மணி 40 நிமிடம் பறந்தால் நியூயார்க்கில் 2-ஆம் தேதி மாலை 5.10. 12-ஐக் கூட்டினால் சிங்கப்பூரில் 3-ஆம் தேதி காலை 5.10. டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் '+2' என்று சின்னதாகப் போட்டிருப்பது இதுதான். அதைக் கவனிக்காமல் 2-ஆம் தேதிக்கு அழைத்துப்போக ஆள் வரச் சொல்லிவிடுகிறார்கள். நடுவில் உள்ள தேதி முழுவதும் ஆகாயத்திலேயே கழிந்துவிடும். நோன்பு, திதி பார்ப்பவர்கள் இதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டே எஞ்சின் உள்ள விமானம் கடல் மேல் இவ்வளவு தூரம் போகலாமா?

போகலாம். ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை எட்ட முடிய வேண்டும் என்பது விதி. ஏ350-க்கு அந்த வரம்பு அதிகபட்சம் 370 நிமிடம் வரை சான்றளிக்கப்பட்டிருக்கிறது. வடபசிபிக் தடத்தில் ஜப்பானிய நிலையங்களும் அலாஸ்காவின் ஆங்கரேஜும் இருப்பதால் நிலைமை அந்த எல்லை வரை போக வேண்டியதே இல்லை.

புறப்பட்ட சற்று நேரத்தில் திரும்ப நேர்ந்தால்தான் சிக்கல். 280 டன்னோடு எழும்பிய விமானம் இறங்கும்போது இருக்கக்கூடிய எடை 200 டன்னைச் சற்றே தாண்டும். அவ்வளவு எரிபொருளை எரித்தோ வெளியே கொட்டியோ தீர்த்துவிட்டுத்தான் வழக்கமாக இறங்குவார்கள்.

விமானிகள் தூங்க மாட்டார்களா?

தூங்குவார்கள், முறை வைத்து. நான்கு விமானிகள் போகிறார்கள். பயணிகள் கண்ணில் படாத படுக்கை அறை அவர்களுக்கு உண்டு. பணியாளர்கள் வழக்கமாக 13 பேர்.

நடுவழியில் நோயாளிக்காக எங்காவது இறங்க நேர்ந்தால் தாமதம் சில மணி நேரத்தோடு நிற்காமல் ஒரு நாளாக நீள்வதற்குக் காரணம் இதுதான்: பணிநேர வரம்பு முடிந்துவிடும், அந்த ஊரில் மாற்றுக் குழு இருக்காது.

எக்கானமி இருக்கை கிடைக்குமா?

நேரடி விமானத்தில் கிடையாது. இதே நிறுவனத்தின் எஸ்க்யூ 26 ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று கென்னடிக்குப் போகிறது. அதில் எக்கானமி உண்டு. தூரம் ஏறக்குறைய 10,270 + 6,190 = 16,460 கிலோமீட்டர்; நேரம் நிற்பதையும் சேர்த்து 23, 24 மணி நேரத்தை ஒட்டி வரும். நாலைந்து மணி நேரம் கூடுதல், நடுவில் கால் நீட்டி நடக்க ஒரு வாய்ப்பு. முதுகுவலி உள்ளவர்கள் இதையே விரும்புவதும் உண்டு.

சென்னை, திருச்சியிலிருந்து நியூயார்க் போக இது நல்ல வழியா?

தூரக் கணக்கில் மோசமான வழி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கிலோமீட்டர் தென்கிழக்கே, போக வேண்டிய திசைக்கு எதிராக. மொத்தம் 18,250 கிலோமீட்டரை நெருங்கும். துபாய் வழியாகப் போனால் 13,950-ஐ ஒட்டி, லண்டன் வழியாக 13,800-க்குள். இரண்டுமே 13,475 என்ற குறுக்குத் தூரத்துக்குப் பக்கத்தில் நிற்கின்றன. சிங்கப்பூரில் வேலையோ உறவினரோ இருந்தால் ஒழிய இந்த வழியை எடுக்க வேண்டிய அவசியமில்லை.

அப்படியும் எடுப்பவர்கள், திருச்சி–சிங்கப்பூருக்கு மலிவுவிலை நிறுவனத்தில் ஒரு டிக்கெட், அங்கிருந்து நியூயார்க்குக்குத் தனி டிக்கெட் என்று போடுகிறார்கள். தனித்தனி டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதைத் தவறவிட்ட பொறுப்பு உங்களுடையது. பெட்டி நேரே நியூயார்க் வரை போகாமல் சிங்கப்பூரில் கைக்கு வந்தால், அதை எடுக்கக் குடிவரவைத் தாண்டி வெளியே வர வேண்டும். அதற்கு விசா தேவையா என்று முன்பே பார்க்க வேண்டும். ஒரே டிக்கெட் என்றால் நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம். பெட்டி அளவும் மாறும். அமெரிக்கத் தடங்களில் பொதுவாகப் பெட்டி எண்ணிக்கைக் கணக்கு, ஒன்றுக்கு 23 கிலோ வீதம் இரண்டு. திருச்சி விமானத்தில் நீங்கள் காசு கட்டிய கிலோ எவ்வளவோ அவ்வளவுதான்.

கைப்பையில் எதை வைக்கலாம், எதைக் கூடாது?

இட்லிப்பொடி, பருப்புப்பொடி, சாம்பார்ப்பொடி எல்லாவற்றையும் சரக்குப் பெட்டியில் போடுங்கள். அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிலிட்டர் அளவுக்கு மேற்பட்ட பொடி வகைகள் கைப்பையில் இருந்தால் 2018 முதல் தனிச் சோதனை. என்னவென்று உறுதிசெய்ய முடியாவிட்டால் அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான். சாங்கியில் பெரும்பாலும் கேட் வாசலில்தான் பாதுகாப்புச் சோதனை. ஏறுவதற்குச் சில நிமிடம் முன்பு, திருப்பி அனுப்ப வழியில்லாத இடத்தில் நின்று அம்மா கொடுத்த பொடியைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது.

பவர் பேங்க் நேர்மாறு. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போகக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 3.7 வோல்ட் கணக்கில் அது ஏறக்குறைய 27,000 மில்லி ஆம்பியர்-மணி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கில் போன் சார்ஜ் செய்வதும், பவர் பேங்கையே சார்ஜ் செய்வதும் தடை. இருக்கையில் உள்ள இணைப்புக்குக் கம்பி மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், முன்பே சொல்லி வைத்தால். புறப்பாட்டுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு பதிவாகியிருக்க வேண்டும். வெறும் 'சைவம்' என்று போடாமல் 'இந்திய சைவம்' என்று தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் வேகவைத்த காய்கறியும் பாஸ்தாவும் வரும்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கு என்ன செய்யும்?

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் இரத்த நாளத்தில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. இரட்டிப்பு என்றாலும் அளவு சிறியது, சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு. ஏற்கெனவே உறைகட்டி வந்தவர்கள், கருவுற்றவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஏறக் கூடாது. மற்றவர்கள் விழித்திருக்கும்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்தால் போதும். இருக்கையிலேயே குதிகாலைத் தூக்கி இறக்குவதும் கெண்டைக்காலுக்கு வேலை கொடுக்கும்.

மாத்திரையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. 'காலையில் ஒன்று, இரவில் ஒன்று' என்பதை 12 மணி நேரம் தள்ளிப்போன கடிகாரத்தை வைத்துச் சாப்பிட்டால் ஒரு வேளை விட்டுப்போகும், அல்லது இரண்டு வேளை ஒன்றாகச் சேரும். கிளம்பிய ஊர் நேரத்தில் ஓடும் ஒரு கைக்கடிகாரத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் எடுப்பதே எளிது. இன்சுலின் போடுபவர்கள் அளவையும் நேரத்தையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள்.

தூக்கத்துக்கு: ஏறியதும் தூங்கத்தான் தோன்றும், ஏனென்றால் சிங்கப்பூரில் அப்போது நள்ளிரவு. ஆனால் நியூயார்க்கில் அது பகல். இறங்கப்போவது விடியற்காலை. முதல் ஆறேழு மணி நேரம் விழித்திருந்து, பிற்பகுதியில் தூங்குவது நல்லது. எல்லோராலும் முடியாது, முடிந்தவர்களுக்கு இரண்டாம் நாள் மதியம் தலை சாயாது.

கென்னடியா, நியூவர்க்கா?

நீங்கள் போகும் இடத்தைப் பொறுத்தது. குயின்ஸ், புரூக்ளின், லாங் ஐலண்ட் என்றால் கென்னடி. நியூ ஜெர்சியின் எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் என்றால் நியூவர்க். இரண்டுக்கும் இடையே நேர்க்கோட்டில் 33 கிலோமீட்டர்தான், ஆனால் குறுக்கே புரூக்ளினும் நியூயார்க் விரிகுடாவும் இருக்கின்றன. நெரிசல் நேரத்தில் காரில் இரண்டு மணி நேரம் ஆகலாம். ஒன்றில் இறங்கி மற்றதில் உள்நாட்டு விமானம் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள்.

விடியற்காலை வந்து இறங்கினால் விடுதி அறை மதியம் 3 மணிக்குத்தான் கிடைக்கும். முன்தின இரவையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், அல்லது பெட்டியை மட்டும் வைத்துவிட்டு வெளியே கிளம்ப மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இந்தச் சேவை எப்போது தொடங்கியது? நடுவில் நின்றதே, ஏன்?

2004 ஜூன் 28-இல் நியூவர்க்குக்கு நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தில் தொடங்கியது. ஆரம்பத்தில் 181 இருக்கைகள். 2008-இல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் வைத்தார்கள். அந்த விமானத்தின் தொட்டி 2 லட்சம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். எரிபொருள் விலை ஏறியபோது 100 பேருக்காக அவ்வளவும் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். இரண்டு எஞ்சின் ஏ350 யுஎல்ஆர் வந்த பிறகு 2018 அக்டோபர் 11-இல் மீண்டும் நியூவர்க்குக்குத் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, அதே ஆண்டு நவம்பர் 9-இல் கென்னடிக்கு மாறியது. நியூவர்க் சேவை 2022 மார்ச்சில் திரும்பியது.

இதைவிட நீளமாகப் பறக்க முடியுமா?

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ், சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஏறக்குறைய 17,000 கிலோமீட்டர் நேரடியாகப் பறக்க 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி வைத்த ஏ350-1000 விமானங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதில் பயணிகள் நின்று கைகால் அசைக்க ஒரு தனி இடம் விட்டிருக்கிறார்கள். ஆட்கள் 238 பேர்; சாதாரண ஏ350-1000-இல் முந்நூறுக்கு மேல் ஏற்றலாம். எரிபொருளைச் சுமக்க எரிபொருள் என்ற அதே கணக்கு அங்கேயும் இருக்கைகளைக் குறைத்திருக்கிறது.